மூன்று கவுண்டிகளின் வழியே ஒரே பேருந்து: செலவை யார் ஏற்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் அடுத்தடுத்த பல கவுண்டிகளுக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சேர்த்து ஒரே பொதுப் பேருந்து அமைப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, அதன் செலவை எந்தக் கவுண்டி ஏற்கிறது, வழித்தடத்தையும் நேரத்தையும் யார் தீர்மானிக்கிறார்கள், பயணச்சீட்டுக் காசிலேயே அது ஓடிவிடுமா?

கடைசிப் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஓடாது. கட்டண வருவாய் மொத்தச் செலவில் சிறு பங்கையே ஈடுகட்டும். மீதி முழுவதும் வரிப்பணமும் மானியமும்தான். எனவே இத்தகைய அமைப்புகளில் உண்மையான பேச்சு பேருந்தைப் பற்றியது என்பதைவிட, யாருடைய வரி, எவ்வளவு, யாருடைய ஒப்புதலுடன் என்பதைப் பற்றியது. பேருந்து வாங்குவதும் ஓட்டுநரை அமர்த்துவதும் அதற்குப் பிறகு வருபவை.

தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். இங்கே அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மாநில அரசுக்குச் சொந்தமானவை. விழுப்புரத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குபவர் எந்த மாவட்டத்தின் பணத்தில் பயணம் செய்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் உள்ளூர்ப் பேருந்து என்பது பெரும்பாலும் நகராட்சியின் அல்லது கவுண்டியின் பொறுப்பு. அந்தந்த ஊர்க்காரர்கள் கொடுக்கும் விற்பனை வரி போன்ற உள்ளூர் வரிகளில்தான் அது பெருமளவு ஓடுகிறது. ஆகவே எல்லைக்கோட்டை அது தாண்டிய கணமே, எங்கள் வரிப்பணத்தில் அடுத்த கவுண்டிக்காரர் ஏன் பயணம் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. இக்கேள்விக்கு விடை காண முடியாமல், எல்லையிலேயே முடிந்துவிடும் வழித்தடங்கள் அந்நாட்டில் ஏராளம்.

விடை கண்டுபிடித்தவற்றில் நான் நன்கு அறிந்ததும், பாடம் கற்றுக்கொள்ள ஏற்றதுமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைகளுக்கு நடுவே உள்ள ராரிங் ஃபோர்க் பள்ளத்தாக்கில் இயங்கும் போக்குவரத்து ஆணையம் அது. ராரிங் ஃபோர்க் டிரான்ஸ்போர்ட்டேஷன் அத்தாரிட்டி என்பது முழுப்பெயர். அந்தப் பக்கத்தில் எல்லோரும் ராஃப்டா என்றே சொல்வார்கள். பிட்கின், ஈகிள், கார்ஃபீல்டு ஆகிய மூன்று கவுண்டிகளில் அதன் பேருந்துகள் ஓடுகின்றன. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐம்பது லட்சத்தை ஒட்டிய பயணங்கள் அதில் நடந்தன. கொலராடோவில் தலைநகர் டென்வரின் அமைப்புக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படுவது, சில பத்தாயிரம் மக்களே வாழும் இந்த மலைப் பள்ளத்தாக்கின் பேருந்து என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இடத்தின் அமைப்பு புரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். ராரிங் ஃபோர்க் ஆறு ஆஸ்பன் நகரத்தின் வழியே கீழிறங்கி, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தள்ளி க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கொலராடோ ஆற்றுடன் கலக்கிறது. ஆஸ்பன் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்திலும் க்ளென்வுட் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையில் பசால்ட், கார்பாண்டேல் முதலிய ஊர்கள். இவற்றை இணைப்பது மாநில நெடுஞ்சாலை 82 மட்டுமே. ஆஸ்பனுக்கு அப்பால் அச்சாலை ஏறும் இண்டிபென்டன்ஸ் கணவாய் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கும் என்பதால், அம்மாதங்களில் ஆஸ்பனுக்குள் நுழையவும் வெளியேறவும் கீழ்ப்பக்கத்துச் சாலை ஒன்றே மிச்சம்.

ஆஸ்பன் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற, பெருஞ்செல்வர்கள் வீடு வாங்கும் ஊர். அங்கே விடுதிகளில் படுக்கை விரிப்பவர், உணவகச் சமையற்கட்டில் நிற்பவர், வீடு கட்டும் தச்சர், பள்ளி ஆசிரியர், மருத்துவமனைச் செவிலியர் ஆகியோரில் பெரும்பாலோருக்கு அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. அவர்கள் கீழ்ப்பள்ளத்தாக்கில் கார்பாண்டேலிலும் க்ளென்வுட்டிலும் குடியிருக்கிறார்கள். அங்கும் வாடகை ஏறியபோது இன்னும் மேற்கே நியூ காசில், சில்ட், ரைஃபிள் என்று நகர்ந்தார்கள். ரைஃபிளிலிருந்து ஆஸ்பன் வரை கணக்கிட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல். வேலை பிட்கின் கவுண்டியில், வீடு கார்ஃபீல்டு கவுண்டியில், வழியில் ஈகிள் கவுண்டியின் ஒரு மூலை என்று ஒரே மனிதரின் ஒரு நாள் மூன்று நிர்வாகங்களில் கழிகிறது.

குளிர்காலத்தில் விடியுமுன் கார்பாண்டேல் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். வாகன நிறுத்திடத்தில் காரை விட்டுவிட்டு, தடித்த மேலங்கியும் தோள்பையுமாக மேல்நோக்கிச் செல்லும் பேருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள் பலர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். அவர்களுக்குப் பின்னால், பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் சாய்த்தபடி ஒன்றிரண்டு இளைஞர்கள். மாலையில் அதே கூட்டம் எதிர்த்திசையில் திரும்பும். சுற்றுலாப் பயணிகளுக்கான வசதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளும் இந்தப் பேருந்து, அடிப்படையில் உழைப்பாளர்களின் பேருந்து.

இப்போது எல்லைச் சிக்கலைப் பள்ளத்தாக்கு எப்படித் தீர்த்துக்கொண்டது என்பதற்கு வருவோம். 1983இல் ஆஸ்பன் நகரமும் பிட்கின் கவுண்டியும் தனித்தனியே நடத்திவந்த பேருந்துகளை ஒன்றாக்கி ஒரு முகமை அமைத்தன. அந்த முகமையின் பேருந்துகள் காலப்போக்கில் கீழ்ப்பள்ளத்தாக்கு ஊர்களுக்கும் செல்லத் தொடங்கின. ஆனால் கீழ்ப்பகுதி ஊர்களுக்கு அதன் நிர்வாகத்தில் முழு இடம் இல்லை. நிலையான வரியும் இல்லை. பணத்துக்கு ஒப்பந்தங்களை நம்பியிருக்கும் வழித்தடம், ஏதாவது ஓர் ஊராட்சியில் நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவதாகிவிடும்.

1997இல் கொலராடோ சட்டமன்றம் ஊரகப் போக்குவரத்து ஆணையங்களை அமைக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. அதன்படி நகரங்களும் கவுண்டிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் மக்களின் வாக்கைப் பெற்று, வரி விதிக்கும் அதிகாரமுள்ள ஒரு புதிய அமைப்பை உருவாக்கலாம். 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்பன், ஸ்னோமாஸ் வில்லேஜ், பிட்கின் கவுண்டி, பசால்ட், ஈகிள் கவுண்டியின் ஒரு பகுதி, கார்பாண்டேல், க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஏழு இடங்களிலும் வாக்கெடுப்பு நடந்தது. ஏழிலும் மக்கள் ஒப்புக்கொண்டனர். 2004இல் நியூ காசில் எட்டாவதாகச் சேர்ந்தது. ஒவ்வோர் உறுப்பு ஊரிலிருந்தும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் ஆட்சிக்குழுவில் அமர்கிறார். வழித்தடம், கட்டணம், வரவுசெலவுத் திட்டம் ஆகியவை அந்தக் குழுவின் முடிவுக்கு உட்பட்டவை. கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இதுவே விடை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு நுணுக்கங்கள் எனக்கு மிக முக்கியமானவையாகத் தோன்றுகின்றன.

ஒன்று, ஆணையத்தின் எல்லை கவுண்டி எல்லையோடு ஒட்டிப்போகவில்லை. ஈகிள் கவுண்டியின் பெரும்பகுதி, வேல், ஏவன் போன்ற ஊர்களோடு, மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பசால்ட்டையும் எல் ஜெபலையும் ஒட்டிய சிறு பகுதி மட்டும் ராரிங் ஃபோர்க் பக்கம் விழுகிறது. அந்தப் பகுதி மட்டுமே ராஃப்டாவில் சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்துத் தமக்கென்று தனியே ஒரு போக்குவரத்து ஆணையத்தை அமைத்துக்கொண்டனர். ஒரே கவுண்டிக்குள் இரண்டு ஆணையங்கள் என்பது வரைபடத்தில் பார்க்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் அன்றாடம் மக்கள் எந்தச் சாலையில் வேலைக்குப் போய்வருகிறார்களோ அதுவே பேருந்து அமைப்பின் இயல்பான எல்லை. நிர்வாகத்துக்காக என்றோ வரையப்பட்ட கோட்டை அதற்கு அளவுகோலாக்கினால் பேருந்து தவறான இடத்தில் நிற்கும். கார்ஃபீல்டு கவுண்டியில் நிலைமை வேறு. கவுண்டி அரசு இதில் சேரவில்லை; அதற்குள் இருக்கும் கார்பாண்டேல், க்ளென்வுட், நியூ காசில் ஆகிய நகரங்கள் தாமாகச் சேர்ந்தன. விருப்பமுள்ள ஊர் மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் சேரலாம் என்ற இந்த நெகிழ்ச்சி இல்லாதிருந்தால், ஆணையமே உருவாகியிருக்காது என்பது என் கருத்து.

இரண்டு, எல்லா ஊருக்கும் ஒரே விற்பனை வரி விகிதம் வைக்கப்படவில்லை. ஆஸ்பனிலும் ஸ்னோமாஸிலும் சுற்றுலாப் பயணிகள் செலவழிக்கும் பணத்தில் சிறு விகிதமே பெருந்தொகை தந்துவிடும். சிறிய ஊரில் அதே விகிதம் ஒரு வழித்தடத்துக்குக்கூடக் காணாது. ஏற்கெனவே எந்த ஊரில் எவ்வளவு வரி இருக்கிறது, எந்த ஊருக்கு எத்தனை பேருந்துகள் கிடைக்கின்றன என்பவற்றைப் பார்த்து ஊருக்கு ஊர் வேறு விகிதம் ஒத்துக்கொள்ளப்பட்டது. சமமாகக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும்.

வாக்கெடுப்பு என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. 1992இல் கொலராடோ மக்கள் தம் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தனர். அதன்படி அங்கே எந்த அரசும் மக்களிடம் வாக்குக் கேட்காமல் புதிய வரி விதிக்கவோ இருப்பதை உயர்த்தவோ முடியாது. இது ராஃப்டா போன்ற அமைப்புகளுக்குப் பெருஞ்சுமை என்பது உண்மை. எனினும் அந்தச் சுமையே, ஒவ்வொரு பத்தாண்டிலும் மக்கள் முன் வந்து, இதைச் செய்தோம், இனி இதைச் செய்யப்போகிறோம் என்று கணக்குச் சொல்லும் பழக்கத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது.

விற்பனை வரியை மட்டும் நம்பினால் வரும் ஆபத்து வெளிப்படையானது. பனி குறைந்த ஆண்டில் சுற்றுலா குறையும். சுற்றுலா குறைந்தால் வரி குறையும். ஆனால் கார்பாண்டேலில் இருந்து வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஆண்டும் பேருந்து வேண்டும். 2018 நவம்பரில் ஆணையம் சொத்து வரி கேட்டு மக்களிடம் சென்று வென்றது. மதிப்பிடப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் 2.65 டாலர் என்பது விகிதம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இதன் உண்மையான அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் கொலராடோவில் குடியிருப்பு வீட்டின் சந்தை விலையில் ஏறக்குறைய 7 விழுக்காடே வரிக்கான மதிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு அது எழுபதாயிரத்துச் சொச்சம். வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 190 டாலர். வணிகக் கட்டடத்துக்கோ 29 விழுக்காடு. அதே விலையுள்ள கடைக்கு ஏறத்தாழ 770 டாலர். கடைக்காரர்களுக்குச் சுமை நான்கு மடங்கு என்பது நியாயமா என்று கேட்கலாம். அந்தக் கடையில் வேலை செய்பவர்களைக் காலையில் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பேருந்துதான் என்பதால், எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இனிப் பேருந்துகளைப் பற்றிக் கொஞ்சம். 2013 செப்டம்பரில் க்ளென்வுட்டுக்கும் ஆஸ்பனுக்கும் இடையே விரைவுப் பேருந்துச் சேவை தொடங்கியது. அமெரிக்காவில் ஊரகப் பகுதியில் அமைந்த முதல் விரைவுப் பேருந்துத் தடம் என்று அது அறியப்படுகிறது. திட்டச் செலவு 4.6 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 2.5 கோடி டாலர், நடுவண் அரசின் மானியம். முழு நீளத்துக்கும் தனித்தடம் போடும் அளவுக்கு அங்கே பணமும் இல்லை, இடமும் இல்லை. எனவே நெரிசல் எங்கே கழுத்தைப் பிடிக்கிறதோ அங்கே மட்டும் பேருந்துக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். சில சந்திப்புகளில் காத்திருக்கும் கார்களைத் தாண்டிச் செல்லும் சிறு தடம், பேருந்து வருவதை அறிந்து பச்சையை நீட்டிக்கும் சைகை விளக்கு, ஆஸ்பனை நெருங்குமிடத்தில் பேருந்துக்கான தடம், நிறுத்தங்களை ஒட்டி வாகன நிறுத்திடம், அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகை. நெரிசல் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் பேருந்து வருகிறது. க்ளென்வுட்டிலிருந்து ஆஸ்பனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். காரில் போனாலும் நெரிசலில் அதைவிடப் பெரிதாக மிச்சமாகாது. பல நிறுத்தங்களில் நின்று செல்லும் சாதாரணப் பேருந்தும் அதே சாலையில் ஓடுகிறது. ஆஸ்பன் நகருக்குள் ஓடும் பேருந்துகளில் கட்டணம் கிடையாது.

ஆனால் பேருந்து நன்றாக இருப்பதாலேயே மக்கள் காரை விட்டுவிட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பன் 1995இல் நகர மையத்தில் கார் நிறுத்தக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. நகருக்குள் நுழையும் வாகனங்களின் எண்ணிக்கை 1993ஆம் ஆண்டின் அளவை மீறக்கூடாது என்பதைக் கொள்கையாக அறிவித்து அதைத் தொடர்ந்து கண்காணித்தும் வருகிறது. அருகிலுள்ள மரூன் பெல்ஸ் மலைக்காட்சிக்குக் கோடைப் பகல் வேளையில் பெரும்பாலான தனியார் கார்களை விடுவதில்லை. பேருந்தில்தான் போக வேண்டும், அந்தப் பேருந்தையும் ராஃப்டாவே ஓட்டுகிறது. ஒரு பக்கம் காருக்குக் கடிவாளம், மறுபக்கம் பேருந்துக்கு முன்னுரிமை என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் கிடைத்தது. முதலாவதைச் செய்யும் துணிவில்லாமல் இரண்டாவதற்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு, பேருந்தில் கூட்டமே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் ஊர்கள் உலகமெங்கும் உண்டு.

இரயில் பற்றியும் இங்கே கேட்பார்கள். க்ளென்வுட்டிலிருந்து மேலே செல்லும் பழைய இரயில் பாதை நிலத்தை உள்ளூர் அரசுகள் சேர்ந்து 1997இல் 85 லட்சம் டாலருக்கு வாங்கின. பயணிகள் இரயில் விடலாமா என்று ஆராய்ந்தபோது செலவு எட்டாத உயரத்தில் இருந்ததால், பேருந்தையே பலப்படுத்துவது என்று முடிவாயிற்று. அந்த நிலம் இப்போது ராஃப்டாவின் பொறுப்பில், நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்குமான நீண்ட பாதையாக இருக்கிறது. எதிர்காலத்தில் இரயில் வேண்டுமென்றால் பயன்படுத்தும் உரிமையும் சட்டப்படி காக்கப்பட்டிருக்கிறது. மலைப் பள்ளத்தாக்கில் தொடர்ச்சியான நிலம் ஒருமுறை துண்டாகிப் போனால் மீண்டும் சேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம் என்பதால், இரயில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கொள்முதலை அவர்கள் எடுத்த மிகத் தொலைநோக்குள்ள முடிவுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

நெருக்கடியில் இந்த அமைப்பின் பயன் எவ்வளவு என்பதற்கு 2017 ஒரு சான்று. க்ளென்வுட் நகரின் நடுவே கொலராடோ ஆற்றைக் கடக்கும் கிராண்ட் அவென்யூ பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மூடினார்கள். மேற்கேயுள்ள ஊர்களிலிருந்து பள்ளத்தாக்குக்குள் வருபவர்கள் அனைவரும் நகரத் தெருக்களின் வழியே சுற்றிவர வேண்டியிருந்தது. அந்நாட்களில் மேற்குப் பக்கத்திலிருந்து கட்டணமில்லாப் பேருந்துகளைக் கூடுதலாக விட்டு நெரிசலைச் சமாளித்தார்கள். ஊருக்கு ஒரு பேருந்து நிறுவனம் என்று பிரிந்து கிடந்திருந்தால், எந்த ஊரின் பேருந்து யாருக்காக ஓடுவது என்று பேசி முடிப்பதற்குள் பாலமே கட்டி முடிக்கப்பட்டிருக்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஓட்டுநர் பற்றாக்குறை நீண்டகாலச் சிக்கல். பேருந்துப் பயணிகளைக் கீழ்ப்பள்ளத்தாக்குக்குத் தள்ளிய அதே வீட்டு வாடகை, ஓட்டுநரையும் தள்ளுகிறது. குளிர்காலத்துக்கென்று கூடுதலாக அமர்த்தப்படும் பருவகால ஓட்டுநர்கள் தங்க இடமில்லாமல் வேலையை ஏற்கத் தயங்குகிறார்கள். எனவே ஆணையமே பணியாளர் குடியிருப்புகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. பேருந்து நிறுவனத்தின் வரவுசெலவில் வீட்டு வசதி ஒரு பெருந்தலைப்பாக இருப்பது புதிதாகப் பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கில் அது டீசல் செலவைப் போலவே தவிர்க்க முடியாதது.

மேற்குக் கோடியின் நிலை இன்னும் கடினம். ரைஃபிளும் சில்ட்டும் 2000ஆம் ஆண்டு வாக்களித்த ஏழு இடங்களில் இல்லை. அவ்வூர்களுக்குச் செல்லும் பேருந்துகள் க்ளென்வுட்டுக்கும் ஆஸ்பனுக்கும் இடையே உள்ள அடர்த்தியில் ஓடுவதில்லை. ஆனால் வாடகை ஏற ஏற உழைப்பாளர்கள் குடிபெயர்வது அந்தத் திசையில்தான். உறுப்பினராகி வரி கட்டும் ஊருக்கு முதலிடம் என்பது ஆணையத்தின் நியாயம். தேவை மிகுந்தவருக்கே பேருந்து குறைவாகக் கிடைக்கிறது என்பது அங்கு வாழ்பவரின் நியாயம். வாக்கெடுப்பின் மூலம் ஊர் ஊராகச் சேரும் முறையின் மறுபக்கம் இது. அந்த முறையை நான் ஆதரித்தாலும், இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு மாநில அரசுக்கு உண்டு என்றே சொல்வேன்.

இன்னொரு முடிச்சு ஆஸ்பன் வாசலிலேயே இருக்கிறது. நகருக்குள் நுழையும் காசில் க்ரீக் பாலம் 1961இல் கட்டப்பட்டது; திசைக்கு ஒரு தடம் மட்டுமே. அங்கே என்ன செய்வது என்பதற்கான அதிகாரபூர்வத் திட்டம் 1998இலேயே ஒப்புதல் பெற்றது. ஆனால் அத்திட்டத்தில் உள்ள புதிய சாலை திறந்தவெளி நிலத்தின் மீது போக வேண்டியிருப்பதால், நகர மக்களின் வாக்குகள் ஒரு முறை ஒரு பக்கமும் மறுமுறை வேறு பக்கமுமாகச் சாய்ந்திருக்கின்றன. அறுபது கிலோமீட்டர் விரைந்து வரும் பேருந்து, கடைசிச் சில நூறு மீட்டரில் கார்களோடு கார்களாக அதே வரிசையில் ஊர்கிறது. மேலே சொன்ன மூன்று கவுண்டிகளும் எட்டு உறுப்பினர்களும் ஒத்துழைத்தாலும், இந்த ஓர் இடத்தில் முடிவெடுக்க வேண்டியது ஆஸ்பன் நகரமும் மாநில நெடுஞ்சாலைத் துறையும்தான். ராஃப்டாவின் ஆட்சிக்குழுவால் அதைத் தானாகத் தீர்த்துவிட முடியாது.